மழைக்கு அஞ்சாத கிதார்

குமரி மாவட்டம் ஆண்டுக்கு இருமுறை நனைகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிப் பெய்வதால்தான் நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போகங்கள் விளைந்தன. ஆனால் நெல்லுக்கு வாழ்வளிக்கும் இந்த ஈரம் மரத்தால் ஆன இசைக்கருவிகளுக்குப் பகையாக உள்ளது. தேவாலயப் பாடற்குழுவிலோ கல்லூரி மேடையிலோ கிதார் வாசிக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கோடையில் நன்றாக இருந்த கருவி ஆடி மாதத்தில் வயிறு உப்பி நிற்கும். கம்பிகள் விரலுக்கு எட்டாத உயரத்திற்கு எழும்பிவிடும். குதிரையின் அடியில் பசை விடும். போதாக்குறைக்குக் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

மரத்தை விட்டு வேறொரு பொருளால் கிதார் செய்ய முடியாதா? முடியும். கார்பன் இழையால் செய்த கிதார்கள் இன்று உலகச் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றின் ஓசையைப் பெரிய அரங்கிற்குக் கொண்டு செல்லப் 'பிக்கப்' என்ற சிறு உறுப்பும் உண்டு. இவ்விரண்டும் எப்படி வந்தன, நமக்கு எந்த அளவு பயன்படும் என்பதைக் காண்போம்.

ஓசை எங்கே பிறக்கிறது?

கிதாரின் கம்பி தனியே அதிர்ந்தால் நம் காதுக்கு ஏறக்குறைய எதுவும் கேட்காது. மெல்லிய கம்பி காற்றை வெட்டிக்கொண்டு போகுமே தவிர, காற்றைத் தள்ளாது. கம்பியின் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகைக்கு இறங்குகிறது. அகன்ற மேற்பலகை காற்றைத் தள்ளுகிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒத்ததிர்வுற்றுத் தாழ்ந்த சுரங்களுக்கு வலுவூட்டுகிறது. வீணையின் குடம் செய்யும் வேலையும் இதுவே.

பெட்டியின் எல்லாப் பகுதிகளுக்கும் இதில் சமபங்கு உண்டா? ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற கிதார் செய்யும் கலைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் இதற்கு ஒரு துணிச்சலான சோதனை செய்தார். 1862-இல் அவர் செய்த ஒரு கிதாரில் மேற்பலகை மட்டும் நல்ல மரம். பக்கங்களும் முதுகும் காகிதக்கூழ் அட்டை! அந்தக் கிதார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. கிதாரின் குரலுக்கு முதற்காரணம் மேற்பலகையே என்பதைக் காட்டவே அவர் இதைச் செய்தார். மரமல்லாத கிதாரின் வரலாற்றில் இதை முதற்படி எனலாம்.

மரத்தின் பெருமை

மேற்பலகைக்குப் பெரும்பாலும் குளிர்நாடுகளில் வளரும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தையே தேர்கிறார்கள். காரணம் எளிது. மேற்பலகை கம்பிகளின் இழுப்பைத் தாங்க விறைப்பாக இருக்க வேண்டும். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்குச் சமம். வளர்ந்த ஒரு மனிதன் கிதாரின் கழுத்தில் தொங்குவதைப் போன்றது. ஆயினும் பலகை கனமாக இருந்தால் கம்பியின் சிறு ஆற்றலால் அதை அசைக்க முடியாது. விறைப்பும் வேண்டும், இலேசாகவும் இருக்க வேண்டும் என்ற இந்த முரணான தேவையை ஸ்புரூஸ் நிறைவு செய்கிறது. நாரின் திசையில் அதன் யங் குணகம் சுமார் 11 கிகா பாஸ்கல். அடர்த்தியோ ஒரு கனமீட்டருக்குச் சுமார் 430 கிலோகிராம்தான். தண்ணீரின் அடர்த்தியில் பாதிகூட இல்லை.

முதுகுக்கும் பக்கங்களுக்கும் விரும்பப்படும் மரத்தின் கதை நம் மலைகளையே தொட்டுச் செல்கிறது. முன்பு உயர்ந்த கிதார்களுக்குப் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் பயன்பட்டது. அது அரிதாகி, ஏற்றுமதிக்கும் தடை வந்தபோது, 1969-இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இந்திய ரோஸ்வுட் என்பது வேறொன்றுமன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம், அதாவது தோதகத்திதான். திருவிதாங்கூர் ஆட்சியில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்குரிய மரங்கள் என ஒதுக்கப்பட்டிருந்தன. குமரி மாவட்டம் அந்த ஆட்சிப் பகுதியாகவே இருந்ததால், தன் புரையிடத்தில் நின்ற மரத்தையும் குடியானவன் வெட்ட முடியாத அக்காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம்.

அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் 2017-இல் ரோஸ்வுட் இனங்கள் அனைத்தையும் தன் பட்டியலில் சேர்த்தது. கிதாருடன் எல்லை கடக்கும் கலைஞர்களும் இதனால் இடர்ப்பட்டனர். 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனாலும் நல்ல மரம் இனி எளிதாகக் கிடைக்காது என்ற உண்மை எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ஈரம் செய்யும் வேலை

மரம் வெட்டப்பட்ட பின்னும் சுவாசிக்கிறது என்பார்கள். உண்மையில் அது காற்றிலுள்ள நீராவியை உள்வாங்கவும் வெளிவிடவும் செய்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும்போது மரத்தின் எடையில் சுமார் 9 விழுக்காடு நீர் இருக்கும். மழைக்காலத்தில் ஒப்பு ஈரப்பதம் 80-ஐத் தாண்டினால் அந்த நீர் 15 விழுக்காட்டையும் கடந்துவிடும். ஸ்புரூஸ் பலகையில் நீர் ஒரு விழுக்காடு கூடினால் நாருக்குக் குறுக்கே அதன் அகலம் ஏறத்தாழ 0.14 விழுக்காடு கூடுகிறது. ஆறு விழுக்காடு கூடினால் 0.84 விழுக்காடு. 40 சென்டிமீட்டர் அகலமுள்ள கிதார்ப் பலகையில் இது மூன்று மில்லிமீட்டருக்கும் மேல்.

பலகையின் ஓரங்கள் பக்கங்களோடு ஒட்டப்பட்டிருக்கின்றன. அடியில் குறுக்குச் சட்டங்கள் வேறு பிடித்துக்கொண்டிருக்கின்றன. பக்கவாட்டில் விரிய இடமில்லாத பலகை மேல்நோக்கி வளைகிறது. வயிறு உப்புவதன் காரணம் இதுவே. வளைந்த பலகையோடு குதிரையும் உயர, கம்பிகள் எழும்புகின்றன. மெட்டுகளில் அழுத்தும்போது சுருதி பிசகுகிறது. குளிர்நாட்டார் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று எனக் குதிரை மேலுள்ள எலும்புத் துண்டை மாற்றிக்கொள்வது உண்டு. ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கும் நம் கடற்கரையில் அந்த உபாயமும் அதிக நாள் செல்லாது.

விளக்கிலிருந்து விமானத்திற்கு

கார்பன் இழை புதுமையான பொருள் என்று நாம் நினைத்தாலும் அதன் வயது மின்விளக்கின் வயதே. 1880 வாக்கில் எடிசன் மூங்கில் நாரைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி, அதையே விளக்கின் இழையாக வைத்தார். பின்னர் டங்ஸ்டன் வந்ததும் கரியிழை மறக்கப்பட்டது.

1958-இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் என்ற இயற்பியலர், உயர் வெப்பத்தில் உருவான மெல்லிய கிராபைட் இழைகளின் வலிமை எஃகை விஞ்சுவதைக் கண்டார். ஜப்பானில் அகியோ ஷிண்டோ, துணி ஆலைகளில் பயன்படும் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை நூலைச் சுட்டு நல்ல கார்பன் இழை பெறலாம் என்று 1960-களின் தொடக்கத்தில் காட்டினார். இங்கிலாந்தில் பார்ன்பரோ வானூர்தி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வாட், பிலிப்ஸ், ஜான்சன் ஆகியோர் 1964-க்குள் அம்முறையைச் செம்மையாக்கினர். சுடும்போது நூலை இழுத்துப் பிடித்தால் கார்பன் அணுக்களின் அடுக்குகள் இழையின் நீளவாக்கில் ஒழுங்காக அமைகின்றன. விறைப்பின் இரகசியம் அந்த ஒழுங்கில்தான் உள்ளது.

தனி இழை நூல்தான். அதை எபாக்சி பிசினில் தோய்த்து, அடுக்கி, அச்சில் வைத்து இறுக வைத்தால்தான் அது கூட்டுப்பொருள் ஆகிறது. நம் மீனவர்கள் கட்டுமரத்திற்கு மாற்றாகக் கடலில் இறக்கும் பைபர் வள்ளமும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலையின் இறக்கையும் இதே முறையில், பெரும்பாலும் கண்ணாடி இழையால் செய்யப்பட்டவை. கண்ணாடி இழைக்குப் பதிலாகக் கார்பன் இழையை வைத்தால் விறைப்பு பன்மடங்காகும், விலையும் அப்படியே.

இந்தப் புதுப் பொருளின் குறையும் விரைவிலேயே வெளிப்பட்டது. ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் ஆர்.பி. 211 என்னும் விமான எஞ்சினுக்குக் கார்பன் இழை இறக்கைகளைச் செய்தது. பறவை மோதினால் தாங்குமா என்ற சோதனையில் அவை சிதறின. டைட்டானியத்துக்கு மாற நேர்ந்தது. செலவு ஏறி, 1971-இல் நிறுவனமே நொடித்துப்போனது. இழுவிசையைத் தாங்குவதில் நிகரற்ற பொருள் திடீர் மோதலில் முன்னறிவிப்பின்றி உடையும் என்பது அன்று கற்ற பாடம்.

நம் அண்டையிலும் கார்பன் வேலை நடக்கிறது. 2024-இல் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ராக்கெட்டின் பீச்சுக்குழலுக்காகக் கார்பன் இழையைக் கார்பனிலேயே பதித்துச் செய்த பாகம் மகேந்திரகிரியில் எரித்துச் சோதிக்கப்பட்டது. நாஞ்சில் நாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் அதே மலைதான்.

கார்பன் பாடத் தொடங்கியது

விமானத்திற்கு ஏற்ற பொருள் கிதாருக்கு ஏற்றதாகுமா? இதற்கு ஒரு சிறு கணக்கு போடுவோம். ஒரே திசையில் இழை அடுக்கிய கார்பன் தகட்டின் யங் குணகம் சுமார் 135 கிகா பாஸ்கல், அடர்த்தி 1550. பலகையின் வளையும் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. எனவே 2.8 மில்லிமீட்டர் ஸ்புரூஸ் பலகைக்குச் சமமான விறைப்பைத் தர 1.2 மில்லிமீட்டர் கார்பன் தகடு போதும். ஆனால் எடை? கணக்கிட்டால் கார்பன் தகடே ஒன்றரை மடங்கு கனமாக வருகிறது! எஃகை வென்ற கார்பன் சாதாரண மரத்திடம் இங்கே தோற்றுப்போகிறது. மரத்தின் உள்ளே காற்றறைகள் நிறைந்திருப்பதே காரணம். ஊசியிலை மரத்தை இயற்கை எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறது என்பதை மாணவர்கள் இக்கணக்கால் உணரலாம்.

தீர்வும் இயற்கையைப் பார்த்தே கிடைத்தது. இலேசான நடுப்பொருளின் இருபுறமும் மெல்லிய கார்பன் தாள்களை ஒட்டினால் எடை குறைந்து விறைப்பு நிலைக்கும். அமெரிக்காவில் டேனியல் ஹெயின்ஸ், வயலின் ஆய்வாளர் கார்லீன் ஹட்சின்ஸ் முதலியோர் 1970-களின் நடுவில் இத்தகைய மேற்பலகைகளை வயலினிலும் கிதாரிலும் பொருத்திப் பார்த்து எழுதினர்.

அதே காலத்தில் ஹெலிகாப்டர் செய்யும் பொறியாளர் சார்லஸ் கேமன் இத்துறைக்கு வந்திருந்தார். சுழலும் இறக்கையில் அதிர்வைக் குறைப்பது அவர் தொழில். அந்த அறிவை அதிர்வைக் கூட்டப் பயன்படுத்தினார். அவருடைய ஒவேஷன் நிறுவனம் 1966-இல் கண்ணாடி இழை முதுகுடைய கிதார்களையும், 1976-இல் பிர்ச் மரத்தாளைக் கார்பன் தாள்களுக்கு இடையே வைத்த மேற்பலகையுடைய 'அடமாஸ்' கிதாரையும் வெளியிட்டது.

முழுக் கிதாரையும் கார்பனால் செய்தவர்களுள் முன்னோடி ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜான் டெக்கர் என்ற இயற்பியலர். அங்கும் நம்மைப் போலவே கடல், மழை, வெயில். மரக் கிதார்கள் அந்தத் தட்பவெப்பத்தில் கெடுவதைப் பார்த்தே அவர் இம்முயற்சியில் இறங்கினார். 1990-களின் நடுவில் விற்பனைக்கு வந்த அக்கிதாருக்கு அவர் வைத்த பெயரே 'ரெயின்சாங்', அதாவது மழைப்பாட்டு. மேற்பலகையின் கீழே குறுக்குச் சட்டங்கள் இல்லாமல், இழைகளை அடுக்கும் முறையாலேயே விறைப்பைப் பெற்றது அதன் சிறப்பு.

கேட்கும் படிகம்

இனி பிக்கப்புக்கு வருவோம். 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம் செய்த மின்காந்தப் பிக்கப்பே மின்கிதாரைப் பிறப்பித்தது. காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருளின் மேல் எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப் பாயம் மாறி மின்னோட்டம் எழுகிறது, பாரடே விதியேதான். ஆனால் இது கம்பியைக் கேட்குமே தவிரப் பெட்டியைக் கேட்காது.

பெட்டியின் குரலும் வேண்டுமென்றால் வேறு வழி தேவை. 1880-இல் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். அழுத்த மின்விளைவு எனப்படும் இதையே இன்று பெரும்பாலான கிதார்கள் பயன்படுத்துகின்றன. மெல்லிய பீசோ பட்டை ஒன்றைக் குதிரையின் எலும்புத் துண்டுக்கு அடியில் வைத்தால் கம்பியின் ஒவ்வொரு துடிப்பும் மின்னழுத்தமாக மாறுகிறது.

குதிரை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நம் சர் சி.வி. ராமன் 1921-இலேயே விளக்கினார். வீணை, தம்பூராவின் வளைந்த அகன்ற குதிரையும், தம்பூராவில் இடும் ஜீவா நூலும், பிற கருவிகளில் ஒலிக்காத மேற்சுரங்களையும் எழுப்புகின்றன என்று அவர் காட்டினார். கம்பியின் ஓசைக்கு உருக்கொடுப்பது குதிரை என்பதால், அதன் அருகே ஒட்டிய ஒலிவாங்கி எதைக் கேட்கிறது என்பது சிறிய கேள்வியன்று. வீணையில் காண்டாக்ட் மைக் ஒட்டியபோது, மெல்லிய கருவிக்குக் குரல் கிடைத்தது என்று மகிழ்ந்த ரசிகர்களும், வீணையின் இயல்பு போயிற்று என்று வருந்தியவர்களும் இருந்தார்கள். ஆனால் 1978-இல் ஒன்பது வயதில் மேடையேறிய உ. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் கமகங்களை நீண்டு ஒலிக்கச் செய்து, கருவி மின்மயமானாலும் இசை குன்றாது என்பதை 2014-இல் மறையும் வரை மெய்ப்பித்தார்.

பீசோவில் ஒரு சிக்கல் உண்டு. மின்னியல் நோக்கில் அது ஒரு சிறு மின்தேக்கி. அதன் மின்தேக்குதிறன் 500 பிகோபாரட் என்று கொள்வோம். 50 கிலோ ஓம் உள்ளீட்டு மின்தடையுடைய பெருக்கியில் நேராகச் சொருகினால் சுமார் 6,400 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஓசையெல்லாம் குன்றிவிடும். கிதாரின் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்ஸ்! மின்தடை 1 மெகா ஓம் ஆனாலும் எல்லை 320 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். 10 மெகா ஓம் ஆனால்தான் 32 ஹெர்ட்சுக்கு இறங்கும். "தகரத்தைத் தட்டியது போல் கேட்கிறது" என்று பிக்கப்பைக் குறை சொல்பவர்கள் பலமுறை குறைகூற வேண்டியது இந்த மின்தடைப் பொருத்தமின்மையைத்தான். கிதாருக்குள் 9 வோல்ட் மின்கலத்தோடு இருக்கும் முன்பெருக்கி இந்தக் குறையை நீக்கவே உள்ளது.

எதைத் தேர்வது?

கார்பன் கிதாரை வாங்க நினைப்பவர் சிலவற்றை நினைவிற் கொள்ள வேண்டும்.

முதலாவது, கார்பன் உப்பாது, வளையாது. ஆனால் கம்பியும் மெட்டும் முறுக்காணியும் உலோகமே. அவை துருப்பிடிக்கத்தான் செய்யும். கார்பன் மின்கடத்தி ஆதலால் உப்பீரத்தில் அதைத் தொட்டிருக்கும் அலுமினியப் பாகம் வேகமாக அரிக்கப்படும். வாசித்தபின் துடைத்து வைக்கும் பழக்கம் மரத்துக்குப் போலவே இதற்கும் வேண்டும்.

இரண்டாவது, மேற்பலகையைப் பற்றிக் கேளுங்கள். நடுப்பொருள் வைத்ததா, தனித் தகடா, எவ்வளவு எடை என்பன குரலைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு கம்பியையும் எல்லா மெட்டுகளிலும் வாசித்து, ஏதேனும் ஒரு சுரம் மட்டும் திடீரென முழங்குகிறதா, செத்து விழுகிறதா என்று கவனியுங்கள். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் தொட்டு எழுப்பிய மேற்சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பிக்கப்பைக் கடையிலேயே பெருக்கியோடு இணைத்துக் கேளுங்கள். ஆறு கம்பிகளும் ஒரே வலிமையில் கேட்கின்றனவா? ஓசையைக் கூட்டும்போது எந்தச் சுரத்தில் ஊளை எழுகிறது? ஒலிபெருக்கியின் ஓசை பெட்டியின் ஒத்ததிர்வைத் தூண்டி, அது மீண்டும் பிக்கப்பில் நுழைவதே ஊளை. முன்பெருக்கியில் குறித்த அதிர்வெண்ணைக் குறைக்கும் திருகோ கட்டத்தைத் திருப்பும் பொத்தானோ இருந்தால் இதை அடக்கலாம். சிறு மேடைக்குக் குதிரையடிப் பட்டை போதும். பெட்டியின் இயல்பான குரலை விரும்புவோர் மேற்பலகையின் உட்புறம் ஒட்டும் பிக்கப்பைத் தேடலாம், ஆனால் அதில் ஊளை அதிகம்.

நான்காவது, பழுது. மரக் கிதார் விரிசல் விட்டால் பசையும் பொறுமையும் உள்ள தச்சர் சரிசெய்துவிடுவார். கார்பன் உடைந்தால் அந்த வேலை தெரிந்தவர் அருகில் கிடைப்பது அரிது. எபாக்சியோடு இறுகிய கார்பனை மண்ணும் மக்கச் செய்யாது. மரமோ மீண்டும் முளைக்கும்.

விலையைப் பற்றியும் சொல்லாமல் தீராது. நல்ல கார்பன் கிதார் ஒன்றின் விலையில் பலகை ஒட்டிச் செய்த சாதாரணக் கிதார்கள் பல வாங்கலாம். கற்கத் தொடங்கும் மாணவனுக்கு நான் அந்தச் சாதாரணக் கிதாரையே சொல்வேன். உறையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை வைத்து, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாமல் காத்தால் அது நெடுநாள் உழைக்கும். முட்டத்திலோ குளச்சலிலோ கடலோரத்தில் குடியிருந்து, வாரந்தோறும் மேடையேறி, கருவியை நம்பியே பிழைப்பவர்க்குக் கார்பன் கிதார் ஆடம்பரமன்று. ஒரு பாடற்குழு பொதுவில் வாங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வைத்திருக்கவும் அது பொருத்தமானது.

மாணவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். மின்னணுக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பீசோ 'பசர்' தகட்டை இருபக்கமும் ஒட்டும் நாடாவால் கிதாரின் மேற்பலகையில் ஒட்டி, ஒரு பெருக்கியோடு இணையுங்கள். தகட்டைக் குதிரையருகிலும், ஓரத்திலும், முதுகிலும் மாற்றி மாற்றி ஒட்டிக் கேளுங்கள். ஒரே கம்பியின் ஒரே சுரம் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு குரலில் பேசும். மேற்பலகையின் எந்தப் பகுதி எந்தச் சுரத்துக்கு அதிகம் அசைகிறது என்று வரைபடம் தீட்டுங்கள். தோரெஸ் 1862-இல் காகிதக்கூழ் கொண்டு கேட்ட கேள்விக்கு உங்கள் வீட்டு மேசையிலேயே விடை கிடைக்கும். பிறகு கருவி வாங்கக் கடைக்குப் போகும்போது, விற்பவர் சொல்லை மட்டும் நம்பி நிற்க வேண்டியிராது.